நீல வண்டிக்கு ஒதுங்கு

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒரு மாதத்துக்கு மேல் எல்லா வண்டிகளும் வலது பக்கம் ஓடின. சட்டம் ஒன்றும் மாறிவிடவில்லை. மலேசியா முழுக்க அன்றும் இன்றும் இடது பக்கம்தான். எங்கள் தோட்டத்துக்குள் மட்டும் கொழுந்து லோரி, ஆபீஸ் கிராணியின் மோட்டார் சைக்கிள், ரொட்டிக்காரரின் சைக்கிள், ஆட்டை ஓட்டிப் போகிற கிழவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், எல்லாமே வலது பக்கம். ஒரே ஓர் ஆளுக்காக. அந்த ஆளிடம் ஒரு வார்த்தை சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை என்பதற்காக.

அது எழுபத்தொன்பதாம் வருடம். என் பெயர் திலகம். நான் கொழுந்து பறிக்கிறவள். என் புருஷன் சிங்காரம் எஸ்டேட் ஆபீஸ் லேண்ட்ரோவருக்கு டிரைவர். நீல நிற வண்டி. அதைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி குளிப்பாட்டுவார். மலைப் பாதையில் அவர் ஓட்டினால் மடியில் வைத்த முட்டைகூட உருளாது. ஆனால் மனுஷனுக்கு வாய் என்று ஒன்று கிடையாது. எனக்கோ வாய் மட்டும்தான் என்று நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பேச்சு. ஆண்டவன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வாயைக் கொடுத்து, அதையும் என்னிடமே வைத்துவிட்டான் என்று நானே சொல்லிச் சிரிப்பேன்.

எல்லா நாளும் சிரித்ததில்லை. நான் சொல்ல வருகிற பிரசவத்துக்கு முந்தையதில் பிள்ளை கால் முன்னால் வந்தது. லயத்து வீட்டில், மழையில், வண்டி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். வண்டி வரவில்லை. எஸ்டேட் மேனேஜரான பெரிய துரையின் விருந்தாளிகளைக் கோல்ஃப் விளையாட ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஓட்டிக்கொண்டு போனது யார்? என் புருஷன்தான். காலையிலேயே எனக்கு வலி எடுத்தது அவருக்குத் தெரியும். "என் பெஞ்சாதிக்கு நேரம் வந்துருச்சு" என்று பெரிய துரையிடம் சொல்ல நாக்கு எழவில்லை. ஆட்டம் முடிகிற வரைக்கும் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். வந்து பார்த்தபோது பிள்ளை துணியில் சுற்றிக் கிடந்தது. ஆண் பிள்ளை.

அன்றைக்கு நான் அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு எனக்கு உயிர் இல்லை. அவராகவே என் காலடியில் உட்கார்ந்து சொன்னார். "அடுத்த பிள்ளைய நானே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவேன் திலகம். யார்கிட்ட சொல்லணுமோ சொல்லிட்டுக் கொண்டு போவேன்."

அந்த அடுத்த பிள்ளைதான் அப்போது என் வயிற்றில் இருந்தது. எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிற டிரெசர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இதுவும் கால் கீழே இருக்கிறது, வலி எடுத்த உடனே கிளம்பிவிடு, லயத்தில் கிடந்து தாமதித்தால் போன தடவை மாதிரிதான் என்று தாட்சண்யம் இல்லாமல் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஜெர்மன் துரை வந்தார். இலை காய வைக்கிற புது மெஷினைப் பொருத்திக் கொடுக்க வந்த இன்ஜினியர். நல்ல உயரம், குளிரில் சிவந்த காது, குழந்தை மாதிரி சிரிப்பு. கெட்டவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். லயத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். மெஷின் ரூமில் கூலி ஆட்களோடு சேர்ந்து இரும்பு தூக்குவார். நம்ம ஊர் வழக்கம் ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். பூட்ஸோடு மாரியம்மன் கோயிலுக்குள் வந்துவிட்டார். பூசாரி "பரவாயில்ல சார்" என்றார். யாரோ வெயிலில் காய வைத்த அப்பளத்தை மிதித்துவிட்டார். அந்த வீட்டுக்காரி "பரவாயில்ல சார்" என்றாள். பார்க்கிறவர்கள் எல்லாம் இதையே சொன்னதில், வந்த கொஞ்ச நாளில் அவருக்கும் அந்த ஒரு சொல் பாடமாகிவிட்டது. காலையில் என் புருஷனைப் பார்த்தால்கூட "பரவாயில்ல!" என்று கையை ஆட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அவருக்கு வண்டி ஓட்டுவதில் பிரியம். வந்த மறுநாளே லேண்ட்ரோவர் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். என் புருஷன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரவேண்டியது. அவர்கள் ஊரில் வலது பக்கம் ஓட்டுவார்களாம். இங்கே இடது பக்கம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் தோட்டத்துப் பாதையில் கோடா போட்டிருக்கிறது? செம்மண் பாதை, ஒரு வண்டி போகிற அகலம், எதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் அகலம். கை பழக்கத்துக்குப் போய்விட்டது.

முதல் நாள் பாலத்து முடக்கு வளைவில் எதிரே பக்கிரிசாமியின் கொழுந்து லோரி வந்தது. பக்கிரிசாமி லயத்தில் எங்கள் அடுத்த கதவு. என் புருஷனிடம் வண்டி பழகிய பையன், அவருக்குத் தம்பி மாதிரி. லேண்ட்ரோவர் நேரே அவன் பக்கத்தில் வருகிறது. வேறு யாராவது என்றால் பக்கிரிசாமி லோரியை நிறுத்தி இறங்கி அப்பன் பெயரைக் கேட்டிருப்பான். உள்ளே வெள்ளை முகத்தைப் பார்த்ததும் சத்தம் போடாமல் மறு பக்கத்துப் புல்லில் ஏற்றிவிட்டான். ஜெர்மன் துரை சந்தோஷமாகக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் பக்கிரிசாமியும் என் புருஷனும் ராதாகிருஷ்ணன் கிராணியிடம் போனார்கள். ஆபீஸில் இங்கிலீஷ் பேசுகிறவர் அவர்தான். பெரிய துரை சொன்னதை எங்களுக்கும் நாங்கள் சொன்னதைப் பெரிய துரைக்கும் எடுத்துச் சொல்வது அவர் வேலை.

"ஐயா, வெள்ளக்காரத் தொரை தப்பான பக்கம் வர்றாருங்க. நீங்க கொஞ்சம் சொல்லிட்டீங்கன்னா…" என்று பக்கிரிசாமி தலையைச் சொறிந்தானாம்.

"நான் சொல்றதா? அவரு இன்ஜினியர்லா. விருந்தாளியா வந்துருக்காரு. ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியுமா? மெஷின் முடிஞ்சா போயிடுவாரு. அதுவரைக்கும் நீல வண்டி வந்தா நீங்க ஒதுங்கிப் போங்க. என்ன கொறஞ்சு போச்சு?"

ஒதுங்கிப் போவது எங்களுக்குப் புதிதா? வெள்ளைக்காரன் காலத்தில் துரை வண்டி சத்தம் கேட்டால் கூடையோடு காண்டா வாய்க்காலில் இறங்கி நிற்க வேண்டும். வெள்ளைக்காரன் போய்ப் பெரிய துரையாக நம்ம நாட்டு ஆளே வந்தாச்சு. கால் மட்டும் அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை. மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கங்காணி சத்தமாகவே சொல்லிவிட்டார். "நீல வண்டி எந்தப் பக்கம் வந்தாலும் நீங்க மறு பக்கம். புரியுதா?" நீல வண்டி எப்போதும் வலது பக்கமே வந்ததால் நாங்களும் அவரவர் வலது பக்கத்துக்கு மாறிவிட்டோம். யோசித்துப் பார்த்தால் அதுதான் கொடுமை. வேலை ஒழுங்காக நடந்தது. ஒருவருக்கு ஒரு கீறல் இல்லை. ஒரு தோட்டமே தப்பைச் சேர்ந்து செய்தால் அது தப்பு மாதிரியே தெரியவில்லை.

நான் மட்டும் ராத்திரி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பேன்.

"பக்கத்துலதானே ஒக்காந்து வர்றீங்க. 'சார், லெஃப்ட்'னு ரெண்டு வார்த்த. சொல்ல முடியாதா?"

"கிராணி வேணாம்னுட்டாரு."

"கிராணியா வண்டியில வர்றாரு?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். "தார் ரோட்டுக்குப் போனா சொல்லிக்கலாம். அவரு எங்க தோட்டத்த விட்டு வெளிய போறாரு?" என்பார். அதுவும் நிஜம்தான். ஃபேக்டரி, பங்களா, ஃபேக்டரி. ஜெர்மன் துரை அதைத் தாண்டிப் போகவே இல்லை.

இப்படியே ஒரு மாதம் தாண்டி ஒரு நாள், விடிகிற நேரத்தில் எனக்கு வலி எடுத்தது. வெளியே பனி, அடுத்த லயம் தெரியவில்லை. பக்கிரிசாமியின் லோரி பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தானா ராத்தாவுக்குப் போய்விட்டிருந்தது. திரும்பி வர நேரமாகும். டிரெசர் லீவில். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பவளம் அக்கா ஓடி வந்து பார்த்துவிட்டு, "உக்காந்திருக்க நேரமில்ல, வண்டி கொண்டாங்க" என்றாள்.

என் புருஷன் பங்களாவுக்கு ஓடினார். செருப்புகூடப் போடவில்லை. இந்தத் தடவை சொல்லிவிட்டார். அதை நான் மறக்கவில்லை. கதவைத் தட்டி, ஜெர்மன் துரையை எழுப்பி, வயிற்றைக் கையால் காட்டி, "ஒய்ஃப் சார், ஆஸ்பிட்டல் சார்" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனுஷன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு லயத்து வாசலுக்கே வந்துவிட்டார். பெரிய துரை யாரும் லயத்து வாசலுக்கு வண்டி கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னால் மெத்தையைப் போட்டு என்னை ஏற்றினார்கள். பவளம் அக்கா என்னைத் தன் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். முன் கண்ணாடி எனக்கு நேரே தெரிந்தது. என் புருஷன் சாவிக்குக் கையை நீட்டினார். ஜெர்மன் துரை அந்தக் கையைப் பார்த்தார். அவர் தோளைத் தட்டி, தலையை ஆட்டி, பக்கத்து சீட்டைக் காட்டினார். பெஞ்சாதி வலியில் துடிக்கும்போது புருஷன் வண்டி ஓட்டக் கூடாது என்று நினைத்தார் போல. அவர் ஊரில் அது நியாயமாகத்தான் இருக்கும். என் புருஷன் வாயைத் திறந்தார், மூடினார், ஏறி உட்கார்ந்தார்.

தோட்டத்துப் பாதையில் இறங்கினோம். பெரட்டுக்குப் போகிறவர்கள் நீல வண்டியைப் பார்த்து மறு பக்கம் ஒதுங்கினார்கள். பின்னால் நான் இருப்பதைப் பார்த்துக் கும்பிட்டார்கள். கேட்டில் காவலுக்கு நின்றவர் கட்டையைத் தூக்கிவிட்டு அவரும் மறு பக்கம் போய் நின்றார். பிறகு தார் ரோடு. ஜெர்மன் துரை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்து, ஒழுங்காகத் திரும்பினார். வலது பக்கத்தில் போய் ஏறினார்.

நம்ம வண்டியில் ஸ்டீயரிங் வலப்பக்கம். அதனால் அவர் மலையை ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கையை நீட்டினால் சுவரில் வளர்ந்த பாசியைத் தொடலாம். அவருக்கு அது பாதுகாப்பாக இருந்திருக்கும். ரோட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தது என் புருஷன். எது எதிரே வந்தாலும் முதலில் அவரிடம்தான் வரும்.

"என்னங்க, தார் ரோடு வந்துருச்சு. சொல்லுங்க."

திரும்பிப் பார்த்தார். "சொல்றேன்."

"எப்ப?"

முதுகை நிமிர்த்தி ரோட்டைப் பார்த்தார்.

பனிக்குள்ளிருந்து ஒரு டாக்சி வந்தது. அவ்வளவு கிட்டத்தில் நான் இன்னொரு வண்டியின் விளக்கைப் பார்த்ததே இல்லை. அடித்த ஹாரனில் பவளம் அக்கா முருகனைக் கூப்பிட்டாள். டாக்சி எப்படியோ வளைந்து போய்விட்டது. ஜெர்மன் துரையும் பதிலுக்கு மரியாதையாக ஒரு ஹாரன் கொடுத்தார். பனியில் ஹாரன் அடிப்பது இந்த ஊர் வழக்கம் என்று எண்ணியிருப்பார்.

நான் கத்தினேன். "இடது பக்கம் போங்க! ஐயோ, இடது பக்கம்!"

அவர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். முகமெல்லாம் இரக்கம். "ஓகே, ஓகே" என்று சொல்லி இன்னும் வேகமாக மிதித்தார்.

வலியில் கத்துகிறேன் என்று நினைத்துவிட்டார். மறுபடி கத்தினேன். மறுபடி மிதித்தார். பவளம் அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது. முந்தானையை என் வாயில் வைத்து அமுக்கினாள்.

"கத்தாதடி! நீ கத்தக் கத்த அந்த மனுசன் மிதிக்கிறான்டி!"

பிள்ளை பெறுகிறவள் கத்தாமல் பெற்றதாக எங்காவது கேட்டிருக்கிறீர்களா? நான் பெற்றுக்கொண்டிருந்தேன். வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள் அன்றைக்குச் சேலையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். இடுப்பு பிளக்கிறது, முன் கண்ணாடியில் மலை இருக்கக் கூடாத அளவுக்குக் கிட்டத்தில் இருக்கிறது, ஒரு சத்தம் போட முடியவில்லை. ஓட்டுகிறவருக்கு என் பாஷை தெரியாது. பாஷை தெரிந்தவர் பேசமாட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாமல் நான் எப்போதும் இருந்ததில்லை.

அடுத்து ஒரு காய்கறி லோரி. ஓட்டி வந்த சீனர் ரோட்டின் மறு ஓரத்துக் காண்டாவில் ஒரு சக்கரத்தை இறக்கித்தான் தப்பித்தார். முட்டைக்கோசுகள் ரோட்டில் உருண்டன. அவர் ஜன்னலில் தலையை நீட்டித் திட்டியது பனியில் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. ஜெர்மன் துரை வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

பவளம் அக்கா கையை வைத்துப் பார்த்தாள். "கால் தட்டுதுடி" என்று என் காதில் சொன்னாள். அவள் குரல் மாறிவிட்டது.

சேலையைத் துப்பிவிட்டு, மெதுவாக, சத்தமே இல்லாமல் என் புருஷனிடம் சொன்னேன். "அந்தப் பிள்ளையத்தான் வாய மூடிக்கிட்டே பறிகொடுத்தீங்க. இதையுமா?"

அவர் திரும்பவில்லை. பிடரியில் வேர்வை ஓடியது மட்டும் தெரிந்தது. அந்தக் குளிரில்.

பிரிஞ்சாங்குக்குக் கொஞ்சம் முன்னால் பெரிய முடக்கு ஒன்று இருக்கிறது. வலப்பக்கம் மலை, இடப்பக்கம் பள்ளம். முடக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஹாரன் கேட்டது. இரண்டு சின்னது, ஒரு நீளம். எனக்கு உயிர் வந்தது. அது பக்கிரிசாமியின் ஹாரன். பிள்ளைகளை விட்டுவிட்டு வெறும் லோரியாகத் திரும்பி வருகிறான். நம்ம பையன். நீல வண்டியைத் தெரிந்தவன். ஒதுங்கிவிடுவான். அந்த வழியெல்லாம் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான். தப்பான பக்கத்தில் போனாலும் பிழைத்துக்கொள்வோம் என்று நானே நினைத்தேன் பாருங்கள்.

லோரி பனிக்குள்ளிருந்து வந்தது. பக்கிரிசாமி எங்களைப் பார்த்துவிட்டான். தோட்டத்தில் செய்கிற மாதிரியே, மலைப் பக்கத்தை எங்களுக்கு விட்டுவிட்டு, லோரியைப் பள்ளத்துப் பக்கம் ஒதுக்கினான்.

அந்த நிமிஷத்தில் என் புருஷன் வாயைத் திறந்தார்.

"சார்! லெஃப்ட்! லெஃப்ட் சார்!"

தார் ரோட்டில் ஏறியதிலிருந்து தொண்டையில் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்தது. அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்தியதோடு நிற்கவில்லை. கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தார். ஜெர்மன் துரைக்கும் அப்போதுதான் தலையில் உறைத்திருக்க வேண்டும், அவரும் சேர்ந்து ஒடித்தார். வண்டி இடது பக்கத்துக்கு, சரியான பக்கத்துக்கு, சட்டப்படியான பக்கத்துக்குப் போனது. அங்கே எங்களுக்காக ஒதுங்கிய லோரி வந்துகொண்டிருந்தது.

இரண்டு வண்டியும் பெரிய வேகத்தில் இல்லை. அதனால்தான் நான் இதைச் சொல்ல உயிரோடு இருக்கிறேன். லோரியின் மூக்கு என் புருஷன் உட்கார்ந்திருந்த மூலையில் ஏறியது. சத்தத்துக்குப் பிறகு எல்லாம் அமைதியாக இருந்தது. பனிக்குள் எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம். ஜெர்மன் துரையின் நெற்றியில் ரத்தம். அவர் அவருடைய பாஷையில் ஏதோ ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என் புருஷன் ஒன்றும் சொல்லவில்லை. பழையபடி ஆகிவிட்டார். அவருடைய இடது கால் இருந்த இடத்தில் கால் மாதிரி ஒன்றும் தெரியவில்லை.

பக்கிரிசாமி குதித்து ஓடி வந்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தவன் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே! ஒங்களுக்குத்தானேண்ணே ஒதுங்குனேன்! ஒங்களுக்குத்தானே!"

ரோடு வேலை செய்கிறவர்கள் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். கடப்பாரை வைத்துக் கதவைப் பிரித்து என் புருஷனை எடுத்தார்கள். லோரி ஓடுகிற நிலைமையில் இருந்தது. காலிக் கொழுந்துச் சாக்குகளின் மேல் என்னையும் அவரையும் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்தார்கள். பக்கிரிசாமி அழுதுகொண்டே ஓட்டினான். இடது பக்கமாகத்தான் ஓட்டினான்.

அப்போது கத்தினேன். மனசு விட்டுக் கத்தினேன். இனி யார் மிதித்தால் என்ன. என் புருஷனின் கை என் கைக்குப் பக்கத்தில் கிடந்தது. பிடித்தால் திருப்பிப் பிடிக்கவில்லை. பிள்ளை போனால் இவராவது வேண்டும், இவர் போனால் பிள்ளையாவது வேண்டும் என்று கடவுளிடம் பேரம் பேசினேன். வெட்கமாக இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே பிள்ளை இடுப்பு வரைக்கும் வந்துவிட்டது. அந்த நர்ஸுகள் நன்றாக இருக்க வேண்டும். ஒரு மிஸ்ஸி என்னவோ செய்து தலையைப் பத்திரமாக எடுத்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அழுதது பாருங்கள், ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி. பெண். என் வாய் அவளுக்கு வந்திருக்கிறது என்று பவளம் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். என் புருஷன் பிழைத்தார். இடது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது.

போலீஸ் மட்டா வந்து ரோட்டில் டயர் போன தடத்தைப் பார்த்திருக்கிறார்கள். நீல வண்டி இடது பக்கம், சரி. லோரி வலது பக்கம், தப்பு. பக்கிரிசாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "தொரை தப்பான பக்கம் வந்தாரு, நான் ஒதுங்குனேன்." தடத்தைக் காட்டினார்கள். எங்கே தப்பான பக்கம்? அவன் லைசென்ஸ் போனது. எஸ்டேட்டும் அவனை லோரியில் ஏற்றவில்லை. லெம்பா பெர்த்தாமில் ஒரு தோட்டத்துக்குக் காய் பிடுங்கப் போய்விட்டான். போகும் முன்னால் என் புருஷனைப் பார்க்க வந்து, வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் திரும்பிவிட்டான்.

லயத்தில் வேறு மாதிரி பேசினார்கள். "சிங்காரம் சும்மா ஒக்காந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுலா. அவனுக்கு எதுக்கு ஸ்டீயரிங்ல கை?" பால் மாவு கொண்டு வந்து கொடுத்துவிட்டு என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்ததற்குக் காரணம் அது பொய் என்பதால் அல்ல. அது நிஜம். அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு காலோடு இருப்பார். ஆயுசுக்கும் பேசாதவர் ஒரு தடவை பேசினார். சரியாகப் பேசினார். அதுதான் அவரை முடமாக்கியது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ஜெர்மன் துரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். நெற்றியில் கட்டு. கையில் பிஸ்கட் டின்னும் பிள்ளைக்கு ஒரு கம்பளித் தொப்பியும். கூடவே ராதாகிருஷ்ணன் கிராணி. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வார்டில் என் புருஷன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். ஜெர்மன் துரை போர்வை தட்டையாகிவிட்ட இடத்தைப் பார்த்தார், பார்வையை மாற்றிக்கொண்டார்.

கிராணி முதலில் தமிழில்தான் பேசினார். "பெரிய தொரை ரொம்ப வருத்தப்பட்டாரு சிங்காரம். இருந்தாலும் கேக்கச் சொன்னாரு. தொரை ஓட்டிக்கிட்டிருக்கறப்ப நீ ஏன்யா அதுல கை வச்ச?"

என் புருஷன் தலையணையிலிருந்து எழப் பார்த்தார். முடியவில்லை. படுத்துக்கொண்டே கையைக் குவித்தார்.

"தப்புத்தாங்க ஐயா."

அதோடு என் பொறுமை போயிற்று. எழுந்து நின்றேன். பிள்ளையை ஏந்திக்கொண்டு ஜெர்மன் துரைக்கு நேராக நின்றேன்.

"தொரை, ஒங்க மேல எனக்குக் கோவம் இல்ல. நேரங்காலம் பாக்காம எங்க வாசலுக்கு வண்டி கொண்டாந்தீங்க, அத நான் மறக்க மாட்டேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. நீங்க வந்த நாள்லேருந்து தப்பான பக்கம் ஓட்டுனீங்க. ஒங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு நாங்க அத்தன பேரும் தப்பான பக்கம் போனோம். பக்கிரிசாமி ஒங்களுக்கு ஒதுங்குனான், அவன் பொழப்பு போச்சு. எம்புருசன் ஒருத்தர்தான் ஒங்களுக்கு வழி சொன்னாரு. அதுக்குத்தான் இந்தக் காலு. அவரு தப்பு செய்யல. அத நீங்க பெரிய தொரைகிட்ட சொல்லிட்டுப் போங்க."

வார்டில் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். ஜெர்மன் துரை என் முகத்தைப் பார்த்து, கிராணியைப் பார்த்து, ஏதோ கேட்டார். கிராணி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. சுருக்கமாக ஏதோ சொன்னார். நான் அவ்வளவு பேசியதற்கு அது ரொம்பச் சுருக்கம்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் 'தேங்க் யூ' தெரியும். பேபி என்பதும் தெரியும். அவர் சொன்னதில் இரண்டும் இருந்தன.

"ஐயா, நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா?"

"சொல்லிட்டேம்மா. எல்லாம் சொல்லிட்டேன். ஒக்காரு."

என் புருஷன் கட்டிலிலிருந்து என் முந்தானையை மெதுவாக இழுத்தார். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். கிராணி என்ன சொன்னார் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

ஜெர்மன் துரையின் கண் நிறைந்துவிட்டது. குனிந்து, அந்தப் பெரிய கையை என் பிள்ளையின் தலையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, எங்களிடம் கற்றுக்கொண்ட அந்த ஒரே தமிழில், ரொம்ப அன்பாக, "பரவாயில்ல" என்றார்.